படகு விளிம்பில் ஒரு கை

கமோலி
15 மே 1917

தம்பி எராஸ்மோ,

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின் நடுவில் எழுந்து போனாய். இரண்டு நாள் உன் தட்டை எடுக்காமல் வைத்திருந்தேன். பொரித்த நெத்திலியை இன்று காலைதான் பூனைக்குப் போட்டேன், அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கப்பல் மூழ்கி ஆறு மாதத்துக்குப் பிறகு நாலு நாள் லீவில் வந்தவன், திருவிழாவும் அதுவுமாக, இரண்டாம் நாளே நாலு மணி ரயிலுக்கு ஏன் ஓடினான் என்று ஊரே கேட்கிறது. எதிர்வீட்டு பெனெதெத்தா ஜன்னலிலிருந்தே, "மோமினா, தம்பிக்கு அப்படி என்னத்த ஆக்கிப் போட்ட? தலைதெறிக்க ஓடுறானே" என்கிறாள்.

உன்னை ஓட வைத்தது என் சமையல் இல்லை என்று எனக்குத் தெரியும். காலைப் பூசை முடிந்ததும் மாதா கோயிலின் இடது சுவருக்கு உன்னைக் கூட்டிப்போய், உன் உயிருக்காக நேர்ந்துகொண்டு நான் வைத்த படத்தைக் காட்டினேன். அதுவரை நன்றாகத்தான் இருந்தாய். படத்தைப் பார்த்தாய். கிட்டே போய்ப் பார்த்தாய். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டாய். கோயிலுக்குள் நிற்கிறோம் என்பதே உனக்கு மறந்துவிட்டது.

படத்தில் என்ன குறை? ரெக்கோ ஊர் அகொஸ்தீன் கிழவர் வரைந்தது. இந்தக் கரையில் கடலிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் வரைகிறார். மேலே மேகத்தில் மாதா. நடுவில் உங்கள் 'கார்பினோ', மூக்கு தண்ணீருக்குள். கீழே படகில் நீ, கைகூப்பியபடி. அடியில் தேதி, நேர்ந்தேன் அருள் பெற்றேன் என்பதற்கான நாலு எழுத்து. வேறு என்ன வேண்டும் உனக்கு?

கண்ணிவெடியில் கப்பல் போய்விட்டது, இருபத்திரண்டு பேர்தான் மிச்சம் என்று தந்தி வந்த அன்றைக்கே கோயிலுக்கு ஓடினேன். தம்பியையும் புருஷனையும் இரண்டு பேரையும் கொடு என்று கேட்டேன். மாதா உன்னைக் கொடுத்தாள், பாச்சீச்சாவை வைத்துக்கொண்டாள். பாதி வரம்தானே என்று நேர்த்திக்கடனைப் பாதியாக்க முடியுமா? படத்தை முழுதாகத்தான் வரைய வேண்டும். வரைந்து மாட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எழுதிய கடிதத்தில், "மச்சானைக் கடைசியாகத் தளத்தில் பார்த்தேன்" என்று ஒரே வரி. அவன் அந்தக் கப்பலில் மாலுமிகளுக்குத் தலைவன், நீ இரண்டாம் அதிகாரி. ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே கப்பல். ஆறு வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு வரி போதுமா? இந்த லீவில் உட்கார்ந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ரயிலைப் பிடித்துவிட்டாய்.

உன் அக்கா
மோமினா


பிரிண்டிசி
3 ஜூன் 1917

அன்புள்ள அக்கா,

சொல்லாமல் எழுந்து வந்தது தப்பு. தலைவலி. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. புதுக் கப்பலில் சேர்ந்துவிட்டேன், கேப்டன் நல்ல மனிதர், ஆனால் மூக்கால் பேசுகிறார், பாதி உத்தரவு யாருக்கும் புரிவதில்லை. நிலக்கரி வந்து சேராததால் பத்து நாளாகத் துறைமுகத்திலேயே கிடக்கிறோம். சும்மா கிடப்பது எனக்கு ஆகவில்லை. வேறு கப்பலுக்கு மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன்.

நீ படம் வைத்ததற்கு நான் நன்றி சொல்லவில்லை, அதுவும் தப்பு. படம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்தால் போதும்.

படகின் இடது விளிம்பில், தண்ணீரிலிருந்து ஒரு கை விளிம்பைப் பிடித்திருக்கிறது. ஆள் தெரியவில்லை, கை மட்டும். அதைக் கொஞ்சம் நீலம் பூசி மூடச் சொல். பெரியவருக்கு ஐந்து நிமிஷ வேலை. நான் படகில் உட்கார்ந்திருப்பது அப்படியே இருக்கட்டும், அது உண்மை. அந்தக் கை மட்டும் வேண்டாம். எனக்காகச் சொல்லவில்லை. கோயிலுக்கு நாலு ஊர் ஜனம் வருகிறது. ஒருத்தன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது படகில் இருக்கிறவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யாராவது நினைத்துவிட்டால் கடற்படைக்கே அவமானம்.

இன்னொன்று. இதைப் பெரியவருக்கு யார் சொன்னது? பிழைத்தவர்களில் எவனோ கமோலிக்கு வந்து பேசியிருக்கிறான். யார் என்று விசாரித்து எனக்கு எழுது. அரைவெளிச்சத்தில் யாருக்கும் எதுவும் சரியாகத் தெரிந்திருக்க முடியாது. அவன் பேச்சை நம்பாதே.

மச்சானைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் எழுதியதுதான் அக்கா, தளத்தில்தான் பார்த்தேன்.

தம்பி
எராஸ்மோ


கமோலி
24 ஜூன் 1917

எராஸ்மோ,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேற்று ரெக்கோவுக்கு நடந்தே போனேன். சூரை மீன் வலைக்குத் தூர தேசத்திலிருந்து கப்பலில் வரும் தென்னை நாரைப் பின்னிப் பின்னி என் கையெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, ஒருநாள் வேலையை விட்டால் மற்ற பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆனாலும் போனேன். நீ சொன்னபடி அந்தக் கையை மூடச் சொல்லத்தான் போனேன், அதைத் தெரிந்துகொள். உனக்கு மனக்கஷ்டம் என்றால் நீலம் பூசினால் போகிறது என்றுதான் நினைத்தேன்.

கிழவர் கடலை மாவு ரொட்டி தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தக் கையம்மா?" என்றார்.

"படகு விளிம்பைப் பிடிச்சிருக்கே, அது."

"அதுவா! அது எல்லாப் படத்துலயும் உண்டே. நாப்பது வருஷமா வரையறேன். கையில்லாம வரைஞ்சா படகு மொட்டையா நிக்கும். மாதா யாரைப் பாத்து இரக்கப்படுவா?"

"அது யாரோட கை?"

"யாரோடதா? என்னோடதுதான்" என்று சொல்லி, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு இடது கையை மேசை விளிம்பில் வைத்துக் காட்டினார். சுண்டுவிரல் கோணல். "இப்படி வெச்சுப் பாத்துக்கிட்டே வரைவேன். வேற ஆளுக்கு எங்க போறது?"

"யாராச்சும் வந்து எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரு வந்தா? கப்பல் பேரு, தேதி, புகைபோக்கி எத்தனை. நீ சொன்னது அவ்ளோதான். மிச்சமெல்லாம் என் சரக்கு."

திரும்பி வரும்போது கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். அகொஸ்தீன் வரைந்தது பதினொன்று. கோதுமைக் கப்பல், பாய்மரக் கப்பல், மீன்பிடி வள்ளம், எல்லாவற்றிலும் அதே கை, அதே கோணல் விரல். இத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் பார்த்த சுவர், எனக்குத் தெரியவே இல்லை. பதினோராவது படத்தின் அடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பங்குச்சாமி வந்து தண்ணீர் கொடுத்தார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். யாரும் கமோலிக்கு வரவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. நீதான் சொன்னாய். விளிம்பில் ஒரு கை இருந்தது என்றும், அதை யாரோ பார்த்தார்கள் என்றும், பேசினால் அவமானம் என்றும் உன் கையெழுத்தில்தான் எனக்கு வந்திருக்கிறது.

கையை மூடச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

உன்னை ஒன்றுதான் கேட்கிறேன். அந்தக் கை பாச்சீச்சாவுடையதா? திட்டமாட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை. திட்டுவேன். ஆனால் எழுது.

மோமினா


போலா
20 நவம்பர் 1918

அன்புள்ள அக்கா,

போர் முடிந்தது. ஆஸ்திரியர்களின் துறைமுகத்துக்குள் நேற்று நுழைந்தோம். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. தரையில் இறங்கினால் ரொட்டி கேட்டு ஜனங்கள் வருகிறார்கள், ஜெயித்தவர்களிடமும் ரொட்டி இல்லை.

ஒன்றரை வருஷமாக உனக்கு எழுதவில்லை. நீ போட்ட ஏழு கடிதமும் கிடைத்தது, எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்த ஒன்றரை வருஷத்தில் நாலு கப்பல் மாறினேன். எந்தக் கப்பலிலும் ஆறு மாதத்துக்கு மேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சக அதிகாரிகள் எனக்கு 'மூட்டை முடிச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெட்டியைத் திறக்காமலே வாழ்கிறேனாம்.

ஒரு நல்ல செய்தி. 'கார்பினோ' விஷயத்துக்காக எனக்கு வெள்ளிப் பதக்கம் கிடைக்கப்போகிறது. மார்ச்சில் லா ஸ்பெத்ஸியாவில் விழா. நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். கறுப்பு உடையை மாற்றிக்கொண்டு வா, துக்கம் காத்தது போதும்.

உன் கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன். காகிதத்தில் எழுதுகிற விஷயமில்லை.

எராஸ்மோ


கமோலி
2 மார்ச் 1919

எராஸ்மோ,

பதக்கச் செய்தி பத்திரிகையில் வந்தது. பங்குச்சாமி பூசையிலேயே வாசித்துக் காட்டினார். "கடைசி மாலுமியும் இறங்கிய பின்னரே கப்பலை விட்டு இறங்கிய" எராஸ்மோ ராஸெத்தோவாம். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, பெருமைப்படு என்று. நான் இடது சுவரைப் பார்த்தேன்.

கடைசி மாலுமியும் இறங்கிய பின்னரே நீ இறங்கினாய் என்றால், பாச்சீச்சாவைத் தளத்தில் கடைசியாகப் பார்த்ததாக நீ எழுதியது பொய். அவனைத் தளத்தில் விட்டுவிட்டு நீ இறங்கினாய் என்றால், பத்திரிகையில் வந்தது பொய். இரண்டில் எது என்று நீயே சொல். எனக்கு நாலாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் இந்த அளவு புரிகிறது.

விழாவுக்கு வரமாட்டேன். காகிதத்தில் எழுதுகிற விஷயமில்லை என்கிறாய், நேரில் வந்தால் ரயிலுக்கு ஓடுகிறாய். கறுப்பு உடையை எப்போது கழற்றுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டதற்குப் பதில் வரும்வரை என் வாசல்படி ஏறாதே. கடிதம் போடு, படிப்பேன். குற்றமுள்ள நெஞ்சு என்ன எழுதுகிறது என்று தெரிய வேண்டாமா?

மோமினா


லா ஸ்பெத்ஸியா
9 ஏப்ரல் 1938

அன்புள்ள அக்கா,

ஈஸ்டருக்கு நீ போட்ட அட்டை கிடைத்தது. பத்தொன்பது வருஷமாக ஒரே வாசகம்: "நலம். பதில் வரவில்லை." தபால்காரனுக்கே மனப்பாடமாகியிருக்கும்.

நான் மஸாவாவிலிருந்து திரும்பிவிட்டேன். அதற்கு முன் ஷாங்காய், அதற்கு முன் ரோட்ஸ், உனக்குத் தெரியும். இப்போது கமாண்டர். கடற்படையில் எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் வீடு கட்டிப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் பெட்டிதான்.

விஷயம் இதுதான். உன் ஊருக்குப் பக்கத்துக் கப்பல் பட்டறையிலிருந்து ஒரு புதுப் போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கப்போகிறது. அதற்கு ஞானத்தாயாக இருந்து பாட்டிலை உடைக்க, போரில் இறந்த ஒரு மாலுமியின் மனைவியைத் தேடுகிறார்கள். நான் உன் பெயரைக் கொடுத்தேன். மச்சானின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மந்திரி வருகிறார். இத்தனை வருஷமாக அவன் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லை, இது நல்ல காரியம்தானே? உன்னிடம் படிவம் கொண்டுவருவார்கள். மறுக்காமல் கையெழுத்துப் போடு.

எராஸ்மோ


கமோலி
21 ஏப்ரல் 1938

எராஸ்மோ,

படிவத்தோடு கறுப்புச் சட்டை போட்ட பாசிசக் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எவ்ளோ பெரிய கௌரவம். இங்க ஒரு கையெழுத்து."

"எனக்கு எழுதத் தெரியாதுங்க" என்றேன்.

"போன மாசம் தண்ணிக் குழாய்க்கு நீங்க எழுதிக் குடுத்த மனு என்கிட்டதானே இருக்கு?"

"அது கோபத்துல எழுதுனது. கோபம் வந்தாதான் எனக்கு எழுத்து வரும்."

படிவத்தை என் பக்கம் இன்னும் தள்ளினார். பிறகு, "உங்க தம்பி கமாண்டர், அவரு பேரைக் காப்பாத்துங்க" என்றார். அவன் பேரைக் காப்பாற்றத்தான் நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அதைக் கேட்டுக்கொள், எராஸ்மோ. நீ எழுதிய அந்தப் பிரிண்டிசிக் கடிதத்தை இன்றுவரை ஒருவரிடமும் நான் காட்டியதில்லை. பங்குச்சாமியிடம்கூட.

பாச்சீச்சாவின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள் என்கிறாய். கத்திச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? எப்படிப் போனான் என்று ஒருத்தன் காதோடு சொன்னால் போதும். அந்த ஒருத்தன் நீ. கல்யாணத்துக்கு முந்தின நாள், மீசை முளைத்த உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம் முழுக்கச் சுற்றினானே, அவனுக்கு நீ செய்கிற மரியாதை மந்திரியோடு நிற்பதா?

ஒரு கடிதம் எழுது. வருகிறேன். பாட்டிலைக் கப்பலில் உடைப்பதா உன் தலையில் உடைப்பதா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மோமினா


மெஸ்ஸினா
16 நவம்பர் 1941

அக்கா,

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். இரண்டாவது போரில் இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை.

திரிப்போலிக்குப் போகிற சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனோம். காலை ஒன்பது மணிக்கு நீர்மூழ்கி அடித்து ஒரு கப்பல் போய்விட்டது. அதில் சிப்பாய்கள், பாதிப் பேர் கடலையே பார்த்தறியாத மலைநாட்டுப் பையன்கள். மற்ற கப்பல்களோடு தொடர்ந்து போ, நிற்காதே என்று உத்தரவு. நின்றால் அடுத்த குண்டு எனக்கு. என் கப்பலில் இருநூறு பேர்.

நான் நின்றேன். நாலு மணி நேரம் நின்றேன். வலையைத் தொங்கவிட்டோம், ஏணியைப் போட்டோம், கயிறு போட்டோம். போதவில்லை. கேப்டன் செய்கிற வேலை இல்லை, ஆனாலும் நானே இறங்கி நீர்மட்டத்துக்குப் போய் மண்டியிட்டுக் கைகளைப் பிடித்து இழுத்தேன். எண்ணெயில் வழுக்குகிறது. மணிக்கட்டைப் பிடித்தால்தான் நிற்கும். என் உதவியாளன், "ஐயா, நீங்க மேல வாங்க, நாங்க பாக்குறோம்" என்று கெஞ்சினான். போகவில்லை. நூற்று எழுபது பேர் ஏறினார்கள். நான் இந்த முறை நின்றேன், அக்கா.

விசாரணை நடந்தது. உத்தரவை மீறியதற்காகக் கப்பலைப் பிடுங்கிக்கொண்டு தரந்தோவில் மேசை வேலைக்குப் போடுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எராஸ்மோ


கமோலி
1 டிசம்பர் 1941

எராஸ்மோ,

படித்துவிட்டு அழுதேன். பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. பெனெதெத்தாவிடம் பாதியைப் படித்துக் காட்டினேன்.

ஆனால் இதை அந்த நூற்று எழுபது பேரின் அக்கா தங்கைகளுக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றட்டும். எனக்கு நீ எழுத வேண்டியது வேறு.

"இந்த முறை" என்று எழுதியிருக்கிறாய். போன முறை என்ன செய்தாய்? உனக்கு ஐம்பத்திரண்டு, எனக்கு அறுபது. நம் இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் இது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அந்த நினைப்பில்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மோமினா


மால்ட்டா
14 செப்டம்பர் 1943
(தபால் வழியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது)

அக்கா,

இது உனக்கு வந்து சேராது என்று தெரிந்தே எழுதுகிறேன். வடக்கே ஜெர்மன்காரன், தெற்கே இந்த இங்கிலீஷ்காரர்கள். நடுவில் தபாலே இல்லை.

போன மாதம்தான் மறுபடி எனக்கு ஒரு ஓட்டைக் கப்பலைக் கொடுத்தார்கள். நம் நாடு சரணடைந்ததும், அதைக் கொண்டுபோய் நேற்றுவரை எதிரியாக இருந்தவனிடம் நிறுத்தும்படி உத்தரவு வந்தது. வானத்திலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும்படி தளத்தில் பெரிய கறுப்பு வட்டம் வரையச் சொன்னார்கள். என் ஆட்கள் தார் பூசும்போது அழுதார்கள். ஒரு இளம் அதிகாரி, "ஐயா, இதுக்கு மூழ்கடிச்சிடலாமே" என்றான். மூழ்கினால் தண்ணீரில் இறங்குவது யார் என்று கேட்டேன்.

இங்கே நங்கூரமிட்டுச் சும்மா நிற்கிறோம். இருபத்தேழு வருஷம் ஓடியவனுக்கு ஓட இடமில்லை. பெட்டியைத் திறந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். இரண்டு நாள் ஆனது. வழி கிடைத்ததும் எழுதுகிறேன். சத்தியமாக எழுதுகிறேன்.

எராஸ்மோ


செஞ்சிலுவைச் சங்கப் படிவம்
குடும்பச் செய்தி மட்டும். இருபத்தைந்து வார்த்தைக்கு மேற்படாமல்.
தரந்தோ, 20 பிப்ரவரி 1944

அந்தக் கை மச்சானுடையது. முகம் தெரிந்தேதான் விரல்களைப் பிரித்தேன். கடைசிவரை கப்பலில் நின்றவன் அவன், நானல்ல. படகு தாங்காது என்று நினைத்தேன். தாங்கியிருக்கும். எராஸ்மோ.


பதில், படிவத்தின் பின்பக்கம்
கமோலி, 11 ஜூலை 1944

ஏழு வார்த்தை மிச்சம் வைத்திருக்கிறாய். எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தவன் ஏதாவது சொல்லாமல் போயிருக்க மாட்டான். அவன் வாய் சும்மா இருக்காது. என்ன சொன்னான்? அதை எழுது. உன் அக்கா.


செஞ்சிலுவைச் சங்கப் படிவம்
தரந்தோ, 3 நவம்பர் 1944

"மாப்ளே, மோமினாகிட்ட சொல்லிடாத" என்றான். மூன்று விரல் நான் பிரித்தேன். மீதியை அவனே எடுத்துக்கொண்டான். இருபத்தெட்டு வருஷம் சொல்லாமல் இருந்தது அவனுக்காக என்று சொல்லமாட்டேன். எனக்காகத்தான். எராஸ்மோ.


கமோலி
10 ஜூன் 1945

தம்பி எராஸ்மோ,

தபால் திறந்து மூன்று நாள் ஆகிறது. இனி வார்த்தையை எண்ண வேண்டியதில்லை. நான் எழுதிய படிவத்தை வாங்கிய குமாஸ்தா பென்சில் முனையால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு எண்ணினான். கடைசி வார்த்தையில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து முத்திரை போட்டான்.

உன் இரண்டாவது படிவம் மார்ச்சில் வந்தது. பங்குச்சாமிதான் கொண்டுவந்தார், படித்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. "உக்காந்து படிம்மா" என்றார். நின்றபடியே படித்தேன்.

"மாப்ளே, மோமினாகிட்ட சொல்லிடாத." இதை அவன் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான்? ஜெனோவாவில் குடித்துவிட்டு வந்தபோது சொன்னான். அம்மாவின் சூப் கிண்ணத்தை உடைத்தபோது சொன்னான். என் பட்டுத் தலைக்குட்டையில் மீனைக் கட்டிக் கொண்டுவந்தபோது சொன்னான். ஒவ்வொரு தடவையும் நீங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் குசுகுசுப்பீர்கள், எனக்கு எல்லாம் கேட்கும். கோபமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு உள்ளே நின்று சிரிப்பேன். டிசம்பர் மாதக் கடலில், கழுத்துவரை தண்ணீரில், ஒருத்தன் விரலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதும், தம்பியை நான் திட்டித் தீர்த்துவிடுவேன் என்றுதான் அந்த மடையன் கவலைப்பட்டிருக்கிறான். மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அழுகை வந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். விரலைப் பிரித்ததை மன்னிப்பேனா என்று இன்னும் தெரியவில்லை. மன்னித்தாலும் மன்னிப்பேன். படகில் இருபத்திரண்டு பேர், உனக்கு இருபத்தேழு வயது, பயந்துவிட்டாய். நீ பயந்தால் எப்படி இருப்பாய் என்று உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா?

ஆனால் அவன் வாயிலிருந்து கடைசியாக வந்தது என் பேர். அது என்னுடையது. உன்னுடையதும் இல்லை, கடற்படையுடையதும் இல்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஷாங்காய்க்கும் மஸாவாவுக்கும் போயிருக்கிறாய். இங்கே நான், என்னை நினைக்கக்கூட நேரமில்லாமல் போய்விட்டான் என்று இருபத்தெட்டு வருஷம் நம்பிக்கொண்டு வலை பின்னியிருக்கிறேன். இதை மன்னிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ரயில் எதுவரை வருகிறதோ அதுவரை வா, மீதியை நட. பாலமெல்லாம் குண்டில் விழுந்து கிடக்கிறது. வந்ததும் அழாதே, மன்னிப்புக் கேட்டு ஆரம்பிக்காதே. உட்கார். அவன் அதை எப்படிச் சொன்னானோ அப்படியே சொல்லிக் காட்டு. மூச்சு வாங்கச் சொன்னானா, மெதுவாகச் சொன்னானா, மோமினா என்பதை எந்த இடத்தில் இழுத்தான், எல்லாம் வேண்டும். அவன் குரலை உன்னைப்போல் பேசிக் காட்ட யாராலும் முடியாது. எனக்கு அந்தக் குரல் மறந்துவிட்டது, எராஸ்மோ.

ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பிறகு நீ எந்த ரயிலில் வேண்டுமானாலும் போகலாம்.

மோமினா